நாலு ரிப்ளை வந்துவிட்டதாம்!

மூன்று நாளாக வீட்டில் நெட் சரியில்லை. ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். இது இழுத்துக்கொண்டு கிடந்தது. வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், போட்டோ போகாது. வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக வைக்கும் விபிஎன் இணையும், உள்ளே ஒரு ஃபைலைத் தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெங்களூரு மாரத்தஹள்ளியில் இந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பதே வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், ரிங் ரோட்டில் நின்று சாக வேண்டாம் என்பதற்காகத்தான்.

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். கன்னடம், இந்தி, இங்கிலீஷ் என்று மூன்றிலும் விளக்கினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான். “சார், கருப்பு ஸ்கிரீனைத் திறந்து பிங் 8.8.8.8 என்று கூகுள் சர்வரின் நம்பரை அடியுங்கள். நாலு ரிப்ளை வருகிறதா?” வருகிறது. “அப்படியானால் எங்கள் லைன் சரியாக இருக்கிறது.” அஞ்சு நிமிஷத்தில் புகார் தீர்ந்துவிட்டதாக எஸ்எம்எஸ். இப்படி இரண்டு முறை! நான் பதினோரு வருஷமாக நெட்வொர்க் சப்போர்ட்டில் குப்பை கொட்டுகிறவன். எனக்கே பிங் பாடம்.

பிங் என்பது என்ன? வாசலில் நின்றுகொண்டு “வீட்டுல யாராவது இருக்கீங்களா?” என்று குரல் கொடுப்பது. உள்ளேயிருந்து “ம்” என்று சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். அடுப்பில் உலை கொதிக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் அந்த “ம்”மில் இல்லை. அதுவும் விண்டோஸில் சும்மா பிங் என்று அடித்தால் போவது 32 பைட் டேட்டா. ஒரு துண்டுச்சீட்டு! அது போய் வந்துவிட்டது என்று லைனுக்கே நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர் ரயில்வே அண்டர்பாஸைப் பாருங்கள். ஆட்டோ போகும். சாமான் ஏற்றிய லாரி மேலே இடித்து நிற்கும். ஆட்டோ போனதை வைத்து லாரிக்காரனிடம் “ரோடு நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னால் அவன் வாயிலிருந்து என்ன வரும்?

என் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. நெட்டில் எதுவும் பாக்கெட் என்கிற சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். சின்னது போகிறது, பெரிசு மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு பெரிய பாக்கெட் போகிறது என்று பார்க்கவும் இதே பிங்கில் வழி உண்டு. பாக்கெட்டை நடுவில் உடைக்காதே என்பதற்கு மைனஸ் எஃப், அளவுக்கு மைனஸ் எல். அடித்துப் பார்த்தேன். 1464 பைட் போட்டால் பதில் வருகிறது. 1465 போட்டால் கிணற்றில் போட்ட கல். ஆக, குற்றம் பிங் மேல் இல்லை. நாலு வரியைப் பார்த்ததும் கடையைச் சாத்துகிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஆபீஸில் இதற்கு நேர் எதிரான கூத்து. ராத்திரி இரண்டு மணிக்கு போன். “சர்வர் டவுன், சீக்கிரம் கான்ஃபரன்ஸ் கால்ல வாங்க.” சேர்ந்தால் ஏற்கெனவே இருபது பேர். எப்படித் தெரியும் டவுன் என்று? பிங் போகவில்லையாம். அதே நேரத்தில் அந்த சர்வரில் ஆர்டர் வந்து விழுந்துகொண்டிருக்கிறது! விசாரித்தால், சாயங்காலம் நெட்வொர்க்கின் காவல் கதவான ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் டீம், பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை (நெட்வொர்க் மெஷின்கள் தங்களுக்குள் பிழை, நிலவரம் சொல்லிக்கொள்ளும் முறை) மொத்தமாக அடைத்திருக்கிறார்கள். பிங் ஓடுவதே அந்த ஐசிஎம்பியில்தான். வெப்சைட் வேலை செய்யும் வாசலான 443 போர்ட் திறந்திருக்கிறதா என்று டெல்நெட் கமாண்டை ஒரு முறை அடித்துப் பார்த்திருந்தால் இருபது பேரும் தூங்கியிருப்பார்கள். ஐசிஎம்பியை அடைத்தால் “பாக்கெட் பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு” என்று வழியிலிருக்கும் ரவுட்டர் திருப்பிச் சொல்லும் தகவலும் சேர்ந்து செத்துப்போகும். இதைச் சொன்னால் நம்மைத்தான் ஏதோ வைரஸ் மாதிரிப் பார்ப்பார்கள்.

விண்டோஸ் வேறு தன் பங்குக்கு. உங்கள் நெட்வொர்க்கிலேயே எந்த மெஷினும் இல்லாத ஐபி முகவரிக்கு பிங் அடியுங்கள். “டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்”, அதாவது அந்த மெஷினை எட்ட முடியவில்லை என்று பல நேரம் உங்கள் மெஷினே உங்களுக்குப் பதில் சொல்லும். கீழே கணக்கைப் பார்த்தால் நாலு அனுப்பினேன், நாலு வந்தது, இழப்பு 0 சதவீதம்! இந்தக் கடைசி வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து “நெட்வொர்க் ஓகே” என்று மெயில் போட்ட புண்ணியவானோடு நான் ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறேன்.

இந்த பிங்கை எழுதிய மைக் மியூஸ் பாவம். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று ஒரே ராத்திரியில் எழுதிய சின்ன புரோகிராம் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். அவருக்கு அது கோளாறைத் தேட ஆரம்பிக்கிற இடம். நம்மவர்களுக்கு அதுதான் தீர்ப்பு.

சரி, மூன்றாம் நாள் ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். கிருஷ்ணகிரிப் பையன். தமிழ் கேட்டதும் எனக்குப் பாதி கோபம் போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்தார், பிங் அடித்தார்.

“அண்ணா, நாலு ரிப்ளை வருதுங்கண்ணா.”

மீதிக் கோபமும் திரும்பி வந்துவிட்டது. “தம்பி, இங்க வா” என்று உட்கார வைத்து 1464, 1465 இரண்டையும் காட்டினேன். போன வாரம் அவர்களே மாற்றிக் கொடுத்த புது ரவுட்டர் அது. அதன் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500 என்று இருக்கிறது. இவர்கள் கொடுப்பதோ யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பு. அது 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. அதிலும் பாக்கெட்டின் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு மாதிரியான தலைப்புக்கு 28 போனால் சரியாக 1464. அவ்வளவுதான் விஷயம். 1492 என்று மாற்றி சேவ் கொடுத்தேன். மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த போட்டோ சட்டென்று போனது. அக்கா பெண்ணின் காதுகுத்து போட்டோ.

பையன் ஆச்சரியமாகத்தான் பார்த்தார். “சூப்பர்ண்ணா, எங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரலண்ணா” என்றார். அவரை என்ன சொல்ல? ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறாரோ. போனை எடுத்து ஆப்பில் என்னவோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். புகாருக்கான காரணம் என்ற இடத்தில் ‘கஸ்டமர் சைடு பிராப்ளம்’ என்று தேர்ந்தெடுத்திருந்தார்.

“ஆப்புல இதைத் தவிர எதைப் போட்டாலும் க்ளோஸ் ஆகாதுண்ணா” என்றார். “உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்கண்ணா.”