எச்4 ரிஃப்ளெக்டரில் செனான் பல்பு போட்டால் புரொஜெக்டர் ஆகிவிடாது

"பழைய எஸ்டீம் காரின் ஹெட்லைட்டில் 35 வாட் செனான் கிட் (இழைக்குப் பதில் வாயுவில் மின்வில் எரியும் பல்பு) மாட்டினாலே போதும், புரொஜெக்டர் (லென்ஸ் வைத்த ஹெட்லைட்) தண்டச் செலவு" என்கிறார் நண்பர். தவறு. எச்4 என்பது லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தனித்தனி இழை உள்ள பல்பு வகை. அதன் பின்னால் ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் வளைவே இழை பல்புக்கான கணக்கு. லோ பீம் இழைக்கு அடியில் குட்டி உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒளி மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். செனானில் இழையே கிடையாது, வளைந்த மின்வில்தான். சுமார் 3,000 லூமென் ஒளி கண்டபடி சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். புரொஜெக்டரில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள தகடு அதை நேர்க்கோடாக வெட்டுகிறது. ஒரே செனான் பல்பே லோ, ஹை இரண்டையும் தரும் பை-செனானில் ஹை பீம் போட்டால் அந்தத் தகடே விலகி வழிவிடும்.

அப்புறம், பல்பில் போட்டிருக்கும் 8000 கெல்வின் என்பது பவர் இல்லை, நிறம். நீலமாகத் தெரியும், வெளிச்சம் குறையும். 4300 பக்கமே பாருங்கள். மாட்டிய பிறகு சுவர் முன் நிறுத்தி உயரத்தைச் சரிபார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.