அழுகை எங்கே தொடங்குகிறது?

என் மகளுக்கு மூன்று வயதானபோது வீட்டில் தினமும் ஒரு கலவரம். போனைக் கையிலிருந்து வாங்கினால் போதும், தரையில் விழுந்து புரண்டு அழுவாள். சுத்த அடம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கும் வீடியோவை நானும் பார்த்தேன். ஒரு நாய்க்குட்டி தன் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது. கட்டிலுக்கு அடியில் இல்லை, தோட்டத்தில் இல்லை. புதருக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. வழக்கமாக நான் "போதும்" என்று பிடுங்குவது இப்படியொரு நேரத்தில்தானே என்று அப்போதுதான் உறைத்தது. கதை முடிந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கிவிட்டது. முடிவே இல்லாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்போது நிறுத்துவாய்?" என்று குழந்தையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே ஆட்டோபிளேவை அணைத்தேன். யூடியூப் கிட்ஸில் அதற்கு வசதி இருக்கிறது, டைமரும் இருக்கிறது. ஆனால் டைமரைவிட எங்களுக்குக் கைகொடுத்தது கதைக் கணக்குதான். "இன்னிக்கு ரெண்டு கதை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இருபது நிமிஷம் என்றால் அவளுக்கு என்ன புரியும்? இரண்டு கதை புரியும். முடிந்ததும் அவளே அணைக்க வேண்டும். முதல் சில நாள் அழுதாள். அப்புறம் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இதுதான்: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. தூரத்தில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்த்துக் கவலைப்படாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் தந்த வழிகாட்டலில், 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அதை மட்டும் விலக்காக அனுமதித்தது. பாட்டி, குழந்தை சிரித்தால் சிரிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். கார்ட்டூன் யாருக்காகவும் நிற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். சாப்பிடும்போது போன் கிடையாது. திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரிவதில்லை. யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடும் டிவியும் அப்படித்தான். அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதே குறைந்துவிடுகிறது.

அதே சமயம், தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய் குளிக்கப் போகும்போது ஒரு கதையைப் போட்டுவிட்டுப் போனால், தயவுசெய்து யாரும் அவளைக் குற்றவாளியாக்காதீர்கள். எந்தக் கதை என்று அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் போதும். குளித்துவிட்டு வந்து, "நாய்க்குட்டிக்குப் பந்து கிடைச்சுதா?" என்று கேட்டால் இன்னும் நல்லது.

நான் அப்படிக் கேட்ட ஒரு ராத்திரி, என் மகள் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து மடித்துத் தரையில் விரித்தாள். நாய்க்குட்டி தூங்க இடம் வேண்டுமாம்.