350 மீட்டராம், 350 மீட்டர்!

போன் மேப் காட்டிய வழியை நம்பி ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. குடியிருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், கவுலூனில், சமதரையில். எதிரே இருக்கும் தீவின் மேடு பள்ளம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆனாலும் கடைத்தெரு என்றால் நாள் முழுக்க நடப்பார்.

அந்தத் தீவில் இருக்கும் ஷியுங் வானில் ரயிலை விட்டு இறங்கி டெ வூ ரோடு வெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். தெரு முழுக்கக் கருவாட்டுக் கடைகள். காய்ந்த சிப்பி, இறால், கணவாய், மீனின் காற்றுப் பை என்று சாக்கு சாக்காக நடைபாதையிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், அந்த வாடை டிராம் தண்டவாளம் வரைக்கும் வருகிறது. அம்மா பிறந்தது ராமநாதபுரம் கடற்கரை. ஒரு கடையில் கண்ணாடி ஜாடிக்குள் கறுப்பாக, விரல் நீளத்தில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கடல் அட்டை, கடலடியில் ஊரும் பிராணி! நம் நாட்டில் 2001இலேயே வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்து, அதைப் பிடிக்கத் தடை செய்துவிட்டார்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது அதை அவித்து, மணலில் புதைத்து, தோல் நீக்கிக் காயவைப்பதைக் கூடவே இருந்து பார்த்தவர். "இதையெல்லாம் யாருடா தின்னப்போறாங்கன்னு அப்ப யோசிப்பேன்" என்றார். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கல் மாதிரி காய்ந்திருக்கிறது, நல்ல சரக்கு என்று தலையாட்டினார். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமலே இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். இதையெல்லாம் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடியாது, நடந்தால்தான் கிடைக்கும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

மதியச் சாப்பாட்டுக்கு பான்ஹம் ரோட்டில் நண்பர் வீடு. போனில் வழி போட்டேன். 350 மீட்டர், 5 நிமிடம் என்று காட்டியது. நீல நிறத்தில் ஒரு நேர்கோடு. சரி, அம்மாவால் முடியும் என்று கிளம்பினோம்.

இந்த ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவீன்ஸ் ரோடுதான் ஒரு காலத்தில் கடற்கரை. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தரை, பலகை மாதிரி சமம். அதைத் தாண்டி ஒரு அடி வைத்தால் மலை. ஷியுங் வானுக்கு அடுத்த பகுதியான சாய் யிங் புன்னில் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு, அப்புறம் ஹை ஸ்ட்ரீட், அதற்கும் மேலே பான்ஹம் ரோடு என்று ஒவ்வொரு தெருவும் முந்தைய தெருவின் தலைக்கு மேல் நிற்கிறது. மேப்பில் இவையெல்லாம் அடுத்தடுத்து போட்ட கோடுகள். நிஜத்தில் பத்து மாடிக்குக் குறையாத ஏற்றம். அதை எங்களுக்குச் சொல்ல அந்தத் திரையில் ஒரு புள்ளி கூட இல்லை!

நீலக்கோடு எங்களை ஒரு சந்துப் படிக்கட்டில் கொண்டுபோய் விட்டது. உயரம் ஒழுங்கில்லாத கல் படிகள், ஒரு பக்கம்தான் கைப்பிடி, மேலே வரிசையாக ஏசி பெட்டிகள், அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் படியெல்லாம் வழுக்கல். முப்பது படி ஏறியதும் அம்மா உட்கார்ந்துவிட்டார். இறங்கலாம் என்றால் தேய்ந்த முழங்காலுக்கு இறங்குவது அதைவிடக் கொடுமை. கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய்ச் சாப்பிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்கிறார் என் அம்மா. எப்படி இருக்கும் எனக்கு? பாதி தூக்கி, பாதி நடத்தி, மேலே போய்ச் சேர 40 நிமிடம் ஆனது.

மேலே போனபிறகுதான் நண்பர் சொல்கிறார், பக்கத்துத் தெரு சென்டர் ஸ்ட்ரீட்டில் பான்ஹம் ரோடு வரைக்கும் எஸ்கலேட்டர் இருக்கிறதாம். அதுவும் வேண்டாம், கீழே சாய் யிங் புன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து, டிக்கெட் கதவைத் தாண்டாமலே நடந்து, லிஃப்டில் ஏறினால் பான்ஹம் ரோட்டில் வெளியே வந்துவிடலாமாம். அங்கே குடியிருக்கும் பாட்டிமார்கள் எல்லாரும் காய்கறிப் பையோடு அப்படித்தான் போய்வருகிறார்கள். மேப் போடுகிறவர்களுக்குக் கடைக்குக் கடை நட்சத்திரம் போட்டுக் காட்டத் தெரிகிறது, எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று தெரிகிறது, இந்தச் சந்தில் படி இருக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியாதா? சைக்கிள்காரருக்கு ஏற்ற இறக்கம் காட்டுகிறீர்களே ஐயா, நடக்கிறவன் என்ன பாவம் செய்தான்?

ஊரை நடத்துகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் கம்பித் தடுப்பு. எதிர்க்கடை பத்தடி தூரத்தில் தெரியும், ஆனால் கடக்க முடியாது. ஆபீஸ்கள் நிறைந்த சென்ட்ரல் பகுதியில் படகுத்துறைக்குப் போக மேம்பாலம் ஏறு, ஒரு வணிக வளாகத்துக்குள் நுழை, வெளியே வா, இன்னொரு பாலம் ஏறு. கார்கள் தரையில் சொகுசாகப் போகின்றன, மனிதர்கள் மாடியேறிப் போக வேண்டும். சென்ட்ரலிலிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு ஏற 1993இல் திறந்த அந்தப் பெரிய மிட் லெவல்ஸ் எஸ்கலேட்டர், சுமார் 800 மீட்டர் நீளம், அருமையான ஏற்பாடுதான். ஆனால் காலை 10 மணி வரை கீழ்நோக்கி மட்டும்தான் ஓடும். மேலே குடியிருந்து கீழே ஆபீஸ் போகிறவர்களை நினைத்து வைத்த நேரம். காலையில் கிரஹாம் ஸ்ட்ரீட் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு மேலே ஏற வேண்டியவர் பக்கத்துப் படியில்தான் ஏற வேண்டும்.

அதற்காக எல்லாச் சந்திலும் எஸ்கலேட்டர் போடச் சொல்லவில்லை. பவுண்ட் லேன் என்ற மலைச்சந்தில் ஒன்று போடத் திட்டமிட்டபோது அந்தப் பகுதி ஆட்களே எதிர்த்தார்கள், வாடகை ஏறும், பழைய கடைகள் போய் மதுக்கடைகள் வரும் என்று. மிட் லெவல்ஸ் எஸ்கலேட்டரின் இருபக்கமும் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்தால் அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது, இருக்கிற லிஃப்டுக்கு வழி காட்டும் ஒரு பலகை. படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி. மேப்பில் "இங்கே படி" என்று ஒரு குறி. இவ்வளவுதான்.

ராத்திரி அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். வீங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு அந்தக் கடல் அட்டைக் கடைக்குத் திரும்பப் போக வேண்டுமாம், அந்த ஆளிடம் விலை கேட்க மறந்துவிட்டாராம். நண்பரை உட்காரவைத்து, எந்தச் சந்தில் படி, எந்த வாசலில் லிஃப்ட் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு போகப்போகிறேன்.