க்யூபேஸ் 15-க்குப் பணம் கட்டலாமா?

நவம்பர் வந்தாலே இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணா, புது க்யூபேஸ் வந்துருச்சு, அப்டேட் போடலாமா?" கம்ப்யூட்டரில் பாட்டை ரெக்கார்டு பண்ணி மிக்ஸ் பண்ணும் சாஃப்ட்வேர்தான் க்யூபேஸ். 2023 நவம்பரில் 13-ஆம் வெர்ஷன், அடுத்த நவம்பரில் 14, 2025 நவம்பரில் 15. தீபாவளி ரிலீஸ் மாதிரி, அதைத் தயாரிக்கும் ஸ்டைன்பர்க் கம்பெனி இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டது. அதன் உச்சப் பதிப்பான ப்ரோ வைத்திருப்பவர்கள் முந்தைய வெர்ஷனிலிருந்து மாற சுமார் 100 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் பத்தாயிரம் ரூபாயைத் தொடுகிறது.

வருஷா வருஷம் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். புது வெர்ஷன் அந்த முட்டுக்கட்டையை எடுக்கிறதென்றால் போடுங்கள். இல்லையென்றால் ஒன்றைத் தாண்டி அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். பழைய வெர்ஷனிலிருந்து தாவினால் கட்டணம் கூடும்தான், ஆனால் இரண்டு வருஷம் தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குறைவாகவே வரும். நடுவில் தள்ளுபடி வேறு போடுவார்கள். அவசரப்படுகிறவர்தான் முழு விலை கொடுக்கிறார்.

"இல்லண்ணா, புதுசுல சவுண்டே வேற மாதிரி இருக்கு" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. 2017-ல் 9.5 வந்தபோது மிக்ஸிங் இன்ஜினை, அதாவது ட்ராக்குகளைக் கலக்கும் கணக்கை, 64-பிட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் இதே பேச்சு ஓடியது. அதற்கு முன்பிருந்த 32-பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டின் வீச்சே (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவிலுள்ள இடைவெளி) 1,500 டெசிபலுக்கு மேல். நாம் ரெக்கார்டு பண்ணும் 24-பிட்டுக்குக் காகிதத்தில் 144. மே மாதத்துச் சென்னையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பாடகர் வியர்த்துக்கொண்டு பாடினாலும் தெருவில் போகும் தண்ணீர் லாரி ட்ராக்கில் விழுகிறது. அந்த அறையில் 60 டெசிபல் சுத்தமாகக் கிடைத்தாலே பெரிய விஷயம்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரே ப்ராஜெக்டை இரண்டு வெர்ஷனிலும் எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். கோரஸ், ரிவர்ப் மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி ஒலிக்கும் ப்ளக்இன்களை (உள்ளே சேர்த்துக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர்களை) மட்டும் அணைத்துவிடுங்கள். இரண்டு ஃபைலையும் ஒரே இடத்தில் அடுக்கி, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பி (ஃபேஸ் இன்வர்ட்) ப்ளே பண்ணுங்கள். ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மீட்டர் அசையாமல் கிடக்கும். அப்படியானால் அந்த "வேற மாதிரி" எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அரை டெசிபல் கூட வைத்துக் கேட்டதிலிருந்துதான்.

அதற்காக அப்டேட்டே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. 2022-ல் வந்த 12-க்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவே இல்லை. பெரிய புது வசதி எதற்காகவும் இல்லை, அந்த யூஎஸ்பி டாங்கில் ஒழிந்ததற்காக. லைசென்ஸைத் தாங்கும் கட்டைவிரல் நீளக் குச்சி ஒன்று, அது தொலைந்தால் லைசென்ஸும் தொலைந்த மாதிரி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இசையமைப்பாளர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். 2025 மே மாதம் அந்த லைசென்ஸ் சேவையையே மூடிவிட்டார்கள். டாங்கில் உயிரோடு இருக்கும்வரை பழைய வெர்ஷன் ஓடும், செத்துப்போனால் கஷ்டம். ஆக இன்னும் 10, 11-ல் இருப்பவர்கள் இந்த விவாதத்திலேயே வரமாட்டார்கள், அவர்கள் இன்றோ நாளையோ மாறித்தான் ஆகவேண்டும். (2009-ல் வந்த 5-ஐ இன்றைக்கும் ஓட்டும் ஸ்டூடியோக்கள் ஊருக்கு ஊர் உண்டு. எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.)

14-ல் வந்த புது ஸ்கோர் எடிட்டர், அதாவது நொட்டேஷன் எழுதும் ஜன்னல், ஆளைப் பொறுத்தது. ஸ்டைன்பர்க்கின் நொட்டேஷன் சாஃப்ட்வேரான டோரிக்கோவிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார்கள். வயலின் செக்ஷனுக்கு நொட்டேஷன் அச்செடுத்துக் கொடுக்கிறவருக்கு அது ஒரு ராத்திரி வேலையை மிச்சப்படுத்தும். கானா, ஆல்பம் பாட்டு, கட்சிப் பாட்டு என்று லூப்பும் கீபோர்டுமாக ஓட்டுகிறவர் அந்த ஜன்னலை ஆயுசுக்கும் திறக்கப்போவதில்லை. அவருக்கு அதே வெர்ஷனில் வந்த ட்ரம் ட்ராக்கும் பேட்டர்ன் எடிட்டரும் வேண்டுமானால் உதவலாம்.

15-ல் எல்லோரும் பேசுவது ஸ்டெம் பிரிப்பது. பாட்டிலிருந்து குரல், ட்ரம்ஸ், பேஸ் என்று தனித்தனியாக உரித்துக் கொடுக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் போட்டி சாஃப்ட்வேரான எஃப்எல் ஸ்டூடியோ 2023-லேயே 21.2-ல் இதைக் கொடுத்துவிட்டது, அதுவும் வாழ்நாள் இலவச அப்டேட்டில். ஆப்பிளின் லாஜிக் ப்ரோ 2024 மே மாதம் 11-ல் கொடுத்தது, பழைய ஆட்களுக்குக் காசில்லாமல். லாஜிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஸ்டெம் ஸ்ப்ளிட்டருக்கு ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) உள்ள மேக் வேண்டும். பழைய இன்டெல் மேக் வைத்திருப்பவருக்கு அந்த இலவசம் லட்ச ரூபாய்ப் பக்கம் போய் நிற்கும்.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் 15-ல் சேவ் பண்ணிய ப்ராஜெக்டை 12-ல் இருக்கும் மிக்ஸிங் இன்ஜினியர் உள்ளபடி திறப்பார் என்று நம்ப முடியாது. கடைசியில் வேவ் ஃபைலாகத்தான் கொடுப்பீர்கள். இதே சூட்டில் மேக்கையும் மாற்றுகிறீர்கள் என்றால், ஆப்பிள் சிலிக்கானில் நேட்டிவ்வாக (அந்தச் சிப்புக்கென்றே எழுதிய வடிவில்) ஓட்டும்போது விஎஸ்டி2 என்ற பழைய வகை ப்ளக்இன்கள் ஏறாது. பத்து வருஷமாகச் சேர்த்த இலவசச் சரக்கில் பாதி அங்கேயே போய்விடும்.

அந்தப் பத்தாயிரத்தை என்னிடம் கொடுத்தால் முதலில் ஒரு பேக்கப் ஹார்டு டிஸ்க் வாங்குவேன். மீதியில் கம்ப்யூட்டரில் இருக்கும் சாம்பிள் புல்லாங்குழலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கலைஞரைக் கூப்பிட்டு வாசிக்க வைப்பேன். கமகத்தை பிட்ச் பெண்டு வீலில் உருட்டி உருட்டி வரவழைப்பதைவிட அதில் பாட்டு எங்கேயோ போய்விடும்.

இப்போது 14-ல் இருப்பவர்கள் சும்மா இருங்கள். 12, 13-ல் இருப்பவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். அதுவரை ட்ரையலை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய வெர்ஷனும் புதுசும் ஒரே மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சண்டை போடாது. கம்பெனி டெமோ ப்ராஜெக்டைத் திறந்து பார்க்காதீர்கள். உங்களுடையதிலேயே அதிக ட்ராக் உள்ள, மெஷினைத் திணறவைத்த ப்ராஜெக்ட் ஒன்று இருக்குமே, அதை நகலெடுத்துத் திறங்கள். வேறு வேலை இருந்தால் அது முடியும்வரை அதையும் செய்யாதீர்கள்.