பீச்சில் காற்று வாங்கியவனுக்கு உதவித்தொகை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் நம் கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றியாயிற்று. "துபாய் ரிசார்ட்ல பீச் காத்து வாங்கிட்டு வந்தவனுக்கு எதுக்குய்யா நம்ம கல்வி நிதி?" என்று கேட்டாரே, அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. (இருக்கிறது. அவர் வயதுக்காக இல்லை என்கிறேன்.) கூடச் சிரித்தவர்களைத்தான் மறக்க முடியவில்லை.

அவர் கேலி செய்த தம்பி கேட்டது தன் மகளுக்கு ஒரு டெர்ம் ஃபீஸ். ரிசார்ட்டில் ஆள் குறைத்தார்கள், திரும்பி வந்துவிட்டான். விஷயம் இவ்வளவுதான்.

2008-இல் துபாயில் ஜுமேரா பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் அக்கவுண்ட்ஸில் இருந்தவள் நான். கடல் பார்த்த அறைகள் விருந்தினருக்கு. எங்கள் ஆபீஸ் பேஸ்மென்டில், லாண்டரியை ஒட்டி. நவம்பர் 20 ராத்திரி பாம் ஜுமேரா என்ற செயற்கைத் தீவில் அட்லாண்டிஸ் ஹோட்டல் திறப்பு விழா. அந்த வாணவேடிக்கையை ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். ஆறே நாளில் நம்ம மும்பையில் 26/11 தாக்குதல். டிவியில் சிஎஸ்டி ஸ்டேஷனைக் காட்டுகிறார்கள், சயானில் இருக்கும் அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. உலகம் முழுக்க நிதி நெருக்கடி வேறு. அந்த மாதம் முடிவதற்குள் பாம் ஜுமேராவைக் கட்டிய நக்கீல் கம்பெனியே 500 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் எங்கள் ஹோட்டலிலும் பட்டியல் வர ஆரம்பித்தது.

அந்தப் பட்டியலுக்கு ஃபைனல் செட்டில்மென்ட் கணக்குப் போட்டது நான். அதனால் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே வேலை போனால் வேலை மட்டும் போகும். அங்கே விசா வேலையோடு ஒட்டியது. விசாவை ரத்து செய்தால் நாட்டை விட்டுப் போக அந்தக் காலத்தில் முப்பது நாள்தான் கெடு. கம்பெனி கொடுத்த கட்டில் போகும். கடன் வாங்கியிருந்தால் பேங்க் கணக்கை முடக்கும். குழந்தை இருந்தால் பள்ளிக்கூடமும் போகும். எல்லாம் ஒரே மாதத்தில்.

"கிராஜுவிட்டி வந்திருக்குமே?" வரும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸை ஏற்றி வைத்திருப்பார்கள். நீயாகவே ராஜினாமா செய் என்று நெருக்குவார்கள். அன்றைய சட்டப்படி மூன்று வருடத்துக்குள் தானாக விலகினால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். லட்சக்கணக்கில் கொண்டு வந்திருப்பான் என்கிறவர்கள் அந்த ஷீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

"வரி கட்டாமல் சம்பாதித்தார்களே!" ஆமாம், வருமான வரி கிடையாது. குடும்பத்தோடு இருந்தவர்கள் வருட வாடகைக்கு மொத்தமாகப் பின்தேதி செக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2009-இல் வாடகை சரிந்தது, செக்கில் எழுதிய தொகை சரியவில்லை. செக் திரும்பினால் போலீஸ் கேஸ். 2022-இல்தான் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். காரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று அப்போது கதை கதையாகச் சிரித்தீர்களே, ஏன் ஓடினார்கள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் கிடந்த கட்டடத் தொழிலாளிகள் இதைவிடக் கஷ்டப்பட்டார்கள் என்பீர்கள். நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அவர்களுக்கும் ஒன்றும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

2009 நவம்பரில் துபாய் அரசின் துபாய் வேர்ல்டு கம்பெனி கடன் கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்டது. அடுத்த மாதமே அபுதாபி ஆயிரம் கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. ஜனவரியில் புர்ஜ் துபாய் கோபுரத்தைத் திறந்தபோது அது அபுதாபி ஆட்சியாளரின் பெயரில் புர்ஜ் கலீஃபா ஆயிற்று. ஒரு அரசாங்கக் கம்பெனி கையேந்தினால் யாரும் சிரிப்பதில்லை. நம் பையன் ஒருவன் தன் மகளின் ஃபீஸுக்குக் கையேந்தினால் மைக்கைப் பிடித்துச் சிரிக்கிறோம். பக்கத்தில் கேரளாவில் 1996-லேயே வெளிநாட்டு மலையாளிகளுக்கென்று நோர்க்கா என்று ஒரு துறையே தொடங்கினார்கள். நாம் ஒரு டெர்ம் ஃபீஸுக்கே கமிட்டியில் கை தூக்க யோசிக்கிறோம்.

நான் லீவில் வரும்போதெல்லாம் இதே கமிட்டிக்காரர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். டாங் பவுடர், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில். அண்ணன் பையனுக்கு ஒரு விசா பாரம்மா என்பார்கள். விழா மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கேட்பார்கள், கொடுத்திருக்கிறேன். அப்போது யாருக்கும் பீச் காற்று ஞாபகம் வரவில்லை. பெட்டி கனமாக இருந்த வரைக்கும் நாங்கள் 'நம்ம பொண்ணு, நம்ம பையன்'. வெறும் பெட்டியோடு வந்தால் ஊதாரி. என் கல்யாணப் பேச்சின்போது "வேலை போய்த்தானே வந்தா" என்று என் காதுபடவே சொன்னவர் அன்றைக்கு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சரி, அது வேறு கதை. இங்கே எழுதினால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

"நீங்களும் ஃப்ரைடே பிரஞ்ச் விருந்தெல்லாம் சாப்பிட்டவர்தானே அக்கா" என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு: சாப்பிட்டேன். விருந்தினர் போன பிறகு, மிச்சத்தை, நின்றுகொண்டு.

ஃபீஸுக்கு நானும் இரண்டு தோழிகளும் ஏற்பாடு செய்துவிட்டோம், நிதியை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு எஃப் அண்ட் பி (உணவு, பானப் பிரிவு), ஸ்டோர்ஸ் இரண்டும் தெரியும். செம்பூர், காட்கோபர், வாஷி பக்கம் ஹோட்டலில் ஆள் தேவைப்பட்டால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அறிவுரையோடு வருகிறவர்கள் வர வேண்டாம்.