பேன்ஜோவைக் கீழே வைத்த பிறகு

அமெரிக்க மலைநாட்டு நாட்டிசை வகையான புளூகிராஸ் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பேன்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தின் வேகம்தான். எனக்கும் அந்த வேகம் பிடிக்கும். ஆனாலும், ஸ்டான்லி சகோதரர்களின் கிளிஞ்ச் மௌண்டன் பாய்ஸ் குழுவைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறவன் என்ற முறையில், அந்த இசையின் உயிர் குரலில்தான் இருக்கிறது என்றும், அக்குரலைப் பழக்கியது வாத்தியமே ஒலிக்காத ஒரு மலைநாட்டுத் தேவாலயம் என்றும் உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் கார்ட்டர் 1925இலும் தம்பி ரால்ஃப் 1927இலும் தென்மேற்கு வர்ஜீனியாவின் டிக்கன்சன் கவுண்டியில் பிறந்தவர்கள். வீட்டில் தாயார் லூசி பழைய முறையில் பேன்ஜோ வாசிப்பார். ரால்ஃபுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவர்கள் சென்ற பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையிலோ பியானோ கூடக் கிடையாது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, சபையார் அதை வாங்கி, ஒவ்வோர் அசையையும் நீட்டி இழுத்து, ஆளுக்கொரு நெளிவோடு பாடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டு வீட்டிலிருந்தும், காஸ்பல் எனப்படும் கிறிஸ்தவப் பக்திப்பாட்டு தேவாலயத்திலிருந்தும் இப்படித்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தன.

1946இன் இறுதியில் குழு அமைத்து, பிரிஸ்டல் வானொலியில் பாடத் தொடங்கியபோது, பில் மன்றோ வகுத்த புளூகிராஸ் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் 1949இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘தி ஒயிட் டவ்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளையின் புலம்பல் அது. கார்ட்டர் முதற்குரல், ரால்ஃபின் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் அதற்கு மேலே. வழக்கப்படி முதற்குரலுக்குக் கீழே ஒலிக்க வேண்டிய மூன்றாம் குரலை, மாண்டலின் கலைஞர் பீ வீ லாம்பர்ட் இருவருக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார். பல்லவியில் மூன்றும் சேரும் இடத்தில் வாத்தியங்கள் இருப்பதே எனக்கு மறந்துவிடும்.

காஸ்பல் பாடல்களைச் சமயப் பாட்டென்று தள்ளிவிட்டு, மற்றவற்றை மட்டும் கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அது பெரிய இழப்பு என்பேன். கார்ட்டரின் சோகப் பாடல்களில் அடிகள் நின்று நிதானித்து இறங்கும் விதம், சபைப் பாடலைக் கேட்டவர்களுக்குத்தான் முழுமையாகப் பிடிபடும். எந்தச் சமயத்தையும் நம்பாதவரும் அந்த ஏக்கத்தை உணரலாம்.

கார்ட்டர் 1966இல், 41 வயதில் இறந்தார். தம்பி குழுவைக் கலைக்கவில்லை. 1970களில் வாத்தியமின்றிப் பாடும் காஸ்பலைத் துணிந்து புளூகிராஸுக்குள் கொண்டுவந்தார். 2002இல், தமது 75ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, கிராமி மேடையில் ‘ஓ டெத்’ பாடலைத் தனிக்குரலில் பாடினார்; அப்பாடலின் பதிவு அந்த ஆண்டின் சிறந்த ஆண் நாட்டிசைப் பாடகர் விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது.

அதற்கு முன், திரைப்பட இயக்குநர்களான கோயன் சகோதரர்களின் படத்துக்காக அந்தப் பாடலைப் பதிவு செய்ய நாஷ்வில் சென்றபோது, இசைத் தயாரிப்பாளர் டி போன் பர்னெட் விரும்பியபடி, பழைய கலைஞர் டாக் பாக்ஸின் பாணியில் பேன்ஜோவோடு பாடத்தான் ரால்ஃப் பழகிக்கொண்டு போயிருந்தார். அங்கே, என் விருப்பப்படி பாட விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, பேன்ஜோவைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார். இரண்டு மூன்று சரணங்கள் போவதற்குள் பர்னெட் அவரை நிறுத்தி, தாம் தேடியது இதுதான் என்று சொல்லிவிட்டார்.