நெட்வொர்க்.டார்கெட் வந்தால் இணைப்பு வந்ததாக ஆகாது

"ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் என்று ஒரு வரி போட்டால் போதும், நெட் வந்த பிறகுதான் சர்வீஸ் கிளம்பும்" என்று, லினக்ஸில் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பற்றிய பதிவில் மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, தம்பி. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதைத்தான் சிஸ்டம்டி அதில் சொல்கிறது. ஐபி முகவரி அப்போது கிடைத்திருக்க வேண்டும் என்றில்லை. அந்த வரி உண்மையில் உதவுவது கணினியை அணைக்கும்போது: சர்வீஸ் நின்ற பிறகே நெட்வொர்க் இறங்கும்.

பட்டர்வொர்த்தில் ஒரு கடையின் பில்லிங் கணினியில் இதே வரியை நம்பி ஒரு காலைப் பொழுதையே இழந்தேன். வைஃபை முகவரி வாங்குவதற்குள் சர்வீஸ் டேட்டாபேஸைத் தேடித் தோற்று விழுந்துவிடும். கையால் மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும். அதனாலேயே காரணம் பிடிபடவில்லை.

உங்களுக்குத் தேவை, இணைப்பு உண்மையிலேயே வந்ததைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட். அதை ஆஃப்டரில் மட்டுமல்ல, 'இதையும் சேர்த்துக் கிளப்பு' என்று சொல்லும் வான்ட்ஸிலும் எழுதுங்கள். ஆஃப்டர் வரிசையைச் சொல்லுமே தவிர, எதையும் கிளப்பாது. நெட்வொர்க்கை நிர்வகிக்க நீங்கள் பயன்படுத்துவது நெட்வொர்க்மேனேஜரோ நெட்வொர்க்டியோ, இணைப்பு வரும்வரை காத்திருக்கும் அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், எல்லாச் சர்வீஸுக்கும் இதைப் போட்டுவிடாதீர்கள். கேபிள் கழன்றிருந்தால் நெட்வொர்க்டியின் வெயிட்-ஆன்லைன் 120 நொடி வரை காத்திருக்கும். 0.0.0.0 முகவரியில், அதாவது கணினியின் எல்லா முகவரிகளிலும், இணைப்புகளை ஏற்கும் வெப் சர்வருக்கு இந்தக் காத்திருப்பு தேவையே இல்லை.